தொலைந்தவர் யார்?

ப்ளூஸ் கிதார் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1963இல் ‘மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டார்’ என்றே பலரும் எழுதி வருகின்றனர். இச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. அவர் எங்கும் தொலைந்துபோகவில்லை.

1928இல் ஓகே நிறுவனத்துக்காகப் பாடினார். இசைத்தட்டுகள் விற்கவில்லை, தொடர்ந்து வந்த பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் அவரை யாரும் மீண்டும் அழைக்கவில்லை. கட்டைவிரல் தாளம் காக்க, ஏனைய விரல்கள் மெட்டிசைத்த அக்கைகள் மிசிசிப்பியின் அவலான் கிராமத்தில் வயல்வேலை பார்த்தன.

தம் ஊரின் பெயரைப் பாட்டிலேயே பதிந்து வைத்திருந்தார். அதைப் பற்றிக்கொண்டு டாம் ஹாஸ்கின்ஸ் அவர் வீட்டை அடைய 35 ஆண்டுகள் ஆயின. அவ்வாண்டே நியூபோர்ட் விழா அவரைக் கொண்டாடியது, 1966இல் மறைந்தார். மேடை அவருக்குத் தந்தது மூன்றே ஆண்டுகள்.

‘கண்டுபிடிப்பு’ என்பது கண்டவரின் பெருமையைப் பேசும் சொல். ‘35 ஆண்டுகள் இசையுலகம் தேடவில்லை’ என்பதே நேர்மையான வாக்கியம். இனி அப்படியே எழுதுவோம்.