ஊர் வந்தது, மனம் வரவில்லை

அண்டார்டிகாவில் ஓராண்டு தங்கப்போகிற இந்தியரைப் புறப்படும் முன் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். தில்லி எய்ம்ஸில் உடல், மனப் பரிசோதனை. பிறகு இமயமலையில் அவுலியில் பனிப் பயிற்சி. அதே மனிதர் ஊர் திரும்பும்போது சொந்தபந்தங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை டிகிரி குளிர்?" மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் குறைவு.

1984ல் தட்சிண கங்கோத்ரியில் 12 இந்தியர்கள் முதன்முதலாகக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பிறகு மைத்ரி (1989), பாரதி (2012) நிலையங்கள் வந்தன. மைத்ரியில் சுமார் இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது. அதே முகங்கள், அதே சாப்பாட்டு மேஜை. தூக்கம் கெடும், ஞாபகம் தடுமாறும், அற்ப விஷயத்துக்குக் கோபம் வரும். இவையெல்லாம் எதிர்பார்த்தவைதான். எதிர்பாராதது, திரும்பிய பின் வருவது.

கடைத்தெரு இரைச்சல் தாங்காது. பத்து வகை சோப்பில் ஒன்றை எடுப்பதுகூடச் சுமையாகத் தோன்றும். அதைவிடக் கடினம் வீடு. வங்கிக் கணக்கு முதல் பிள்ளையின் படிப்பு வரை எல்லாவற்றையும் மனைவி தனியே பார்த்துப் பழகியிருப்பார். கணவரோ போன அன்று இருந்த வீட்டையே மனதில் சுமந்து வருகிறார். இருவரும் மாறியிருக்கிறார்கள், மற்றவர் மாறவில்லை என்று இருவரும் நம்புகிறார்கள். சண்டை தொடங்குவது இங்கேதான்.

இதை வைத்துத் துருவ வாழ்க்கை மனிதரைக் கெடுத்துவிடும் என்று முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்கக் கடற்படையினரை ஆராய்ந்த லாரன்ஸ் பாலிங்காஸ் 1986ல் சொன்னது நேர்மாறானது. அங்கே குளிர்காலம் கழித்தவர்கள், தகுதி பெற்றும் வேறிடம் போனவர்களைவிடப் பின்னாளில் குறைவாகவே மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சமாளித்த அனுபவம் கைகொடுக்கிறது. ஆனால் அதற்குச் சிறிது காலம் பிடிக்கிறது.

திரும்புவதன் சிக்கலை அறியப் பனிக்கண்டம்வரை போக வேண்டியதில்லை. நிகோபாரின் கட்சால் தீவு போதும். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினர் இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். அரசு ஏடுகளில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அப்படி வந்தவர்களில் பலர் பிறந்ததே இலங்கையில். பார்த்திராத ஊருக்குத் 'திரும்பியவர்' தன் பழைய ஊரை நினைத்து ஏங்கினால், அது நன்றிகெட்டதனமாகத் தெரியும்.

பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி. 2001ல் 5,312 ஆக இருந்த கட்சாலின் மக்கள்தொகை 2011ல் 2,685. நிகோபாரில் பிழைத்த பழங்குடியினருக்குத் தகரக் கொட்டகைகளும், பிறகு தனித்தனி வீடுகளும் கிடைத்தன. அவர்கள் வாழ்ந்து பழகியதோ பெரிய கூட்டுக் குடும்பமாக. கூரை கிடைத்ததால் வீடு திரும்பிவிட்டார்கள் என்று கணக்கு முடிக்க முடியாது.

பனியிலிருந்து வருபவரும் தோட்டத்திலிருந்து வந்தவரும் ஒன்றல்ல. முதலாமவர் விரும்பிப் போனார். இரண்டாமவர் ஒப்பந்தத்தால் அனுப்பப்பட்டார். ஆனால் வந்து இறங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு இருவரையும் வாட்டுகிறது. புறப்படும் முன் செய்யும் மனப் பரிசோதனையைத் திரும்பி மூன்று மாதம், ஆறு மாதம் கழித்தும் செய்யலாம். வாழ்க்கைத் துணையையும் அழைத்துப் பேசலாம். மற்றவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது: குளிரைப் பற்றிக் கேட்ட பிறகு, அங்கே விட்டு வந்ததைப் பற்றியும் கேட்பது.