கொழும்பு வரைக்கும் வேகம், ஓப்பநாயக்கவுக்கு?

தமிழில் சின்னதா ஒரு இணையத்தளம் தொடங்குகிற எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் இந்த அறிவுரையைத் தருவார்: "சிடிஎன் போடுங்க, சைட் பறக்கும்." ஹோஸ்டிங் விற்கிறவங்களும் இதையேதான் சொல்றாங்க, சில பேர் அதுக்குத் தனிக் கட்டணமும் போடுறாங்க. இந்த அறிவுரை பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினதுக்கான விலையை நம்ம வாசகர் ரீலோட் காசில் கட்டுறார். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கு.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். சிடிஎன் என்பது ஒரு தளத்தின் படங்கள், எழுத்துருக்கள், நிரல் கோப்புகள் இதுகளோட பிரதிகளை உலகத்தின் பல ஊர்களில் வைத்து, வாசகருக்குக் கிட்ட இருக்கிற இடத்திலிருந்து கொடுக்கிற ஏற்பாடு. 1998 இல் அக்காமாய் நிறுவனம் இதை ஒரு வியாபாரமாகத் தொடங்கியது. இன்றைக்கு சின்னத் தளங்களில் அதிகம் புழங்குகிற கிளவுட்ஃப்ளேருக்குக் கொழும்பிலேயே ஒரு மையம் இருக்கு.

கிட்ட இருப்பது ஏன் முக்கியம்? கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கொழும்பிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா சுமார் 14,000 கிலோமீட்டர். கேபிள் நேர்கோட்டில் போனாலும் ஒரு தடவை போய் வர 140 மில்லி நொடி. ஒரு பக்கம் திறக்கணும்னா இணைப்பு ஏற்படுத்த ஒரு தடவை, பாதுகாப்புச் சாவி மாற்ற ஒரு தடவை, பக்கத்தைக் கேட்க ஒரு தடவை என்று வழக்கமா மூன்று தடவை போய் வரணும். 420 மில்லி நொடி அதிலேயே போயிரும். அந்தக் கோப்பு கொழும்பிலேயே இருந்தால் இந்த நேரம் மிச்சம். இதை நான் மறுக்கல.

ஆனா கணக்கை இங்கேயே நிறுத்திடுறாங்க. நாம தொடர்ந்து போடுவோம். போனில் எடுத்த ஒரு படம் 3 மெகாபைட் என்று வைங்க. தோட்டத்து லயத்தில் சிக்னல் நொடிக்கு 1 மெகாபிட் கிடைக்குது என்று வைங்க. அந்தப் படம் இறங்க 24 நொடி ஆகும். அது வர்ஜீனியாவிலிருந்து வந்தாலும் 24 நொடி, கொழும்பிலிருந்து வந்தாலும் 24 நொடி. சிடிஎன் மிச்சம் பிடித்துத் தந்தது அரை நொடிக்கும் குறைவு. அதே படத்தைச் சுருக்கி 150 கிலோபைட்டாக ஏற்றியிருந்தா 1.2 நொடியில் வந்திருக்கும். இதுக்கு ஒரு கட்டணமும் இல்ல, ஏற்றுகிறவர் ரெண்டு நிமிஷம் செலவழிச்சாப் போதும்.

எழுத்தையும் பாருங்க. யுனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் 5 குறியீடு, ஆக 15 பைட். ஆங்கிலத்தைவிட மூன்று மடங்கு கனம் என்று இதைப் பார்த்துப் பயப்படுறவங்க இருக்காங்க. ஆனா 8,000 குறியீடு உள்ள ஒரு முழுக் கட்டுரையே 24 கிலோபைட்தான், சுருக்கி அனுப்பினா இன்னும் நல்லாக் குறையும். அந்த ஒரு 3 மெகாபைட் படத்தின் இடத்தில் 125 கட்டுரை அடங்கும். நம்ம தளங்களைக் கனமாக்குவது தமிழ் இல்ல. பேனர் படம், தானா ஓடுற வீடியோ, யாரும் அழுத்தாத பகிர்வுப் பொத்தான், அலங்கார எழுத்துரு, இதுகள்தான். அந்த எழுத்துருவும் பெரும்பாலும் தேவையில்ல, இப்ப வர்ற ஆண்ட்ராய்ட் போன்களிலேயே தமிழ் எழுத்துரு இருக்கு.

அடுத்த விஷயம் இன்னும் மோசம். சிடிஎன் கூட்டம் இருக்கிற ரூட்டுக்கு மட்டும் ஓடுற பஸ் மாதிரி. கடைக்காரர் தினம் விக்கிற மாவையும் சீனியையும் தட்டில் வைப்பார். வருஷத்துக்கு ஒருத்தர் கேக்கிற சாமானை, கேட்ட பிறகுதான் புறக்கோட்டையில் இருந்து எடுப்பிப்பார். சிடிஎன்னும் அப்படித்தான். அடிக்கடி கேட்கப்படாத கோப்பை அந்த மையம் வெளியே தள்ளிடும். ஒரு மணி நேரத்தில் மூணு பேர் வர்ற தமிழ்த் தளத்துக்கு, ஓப்பநாயக்கவிலிருந்து ஒருத்தர் பக்கத்தைத் திறந்தா கொழும்பில் பிரதி பெரும்பாலும் இருக்காது. கோரிக்கை மூல சேர்வருக்கே திரும்பப் போகும். அதோட, கிளவுட்ஃப்ளேர் போன்றவை எதையும் மாற்றாமல் விட்டா, படம் போன்ற கோப்புகளைத்தான் சேமிக்கும், கட்டுரை இருக்கிற பக்கத்தைச் சேமிக்காது. இருபது பிளகின் போட்டு மூச்சு வாங்குற வேர்ட்பிரஸ் சேர்வர் ஒரு பக்கத்தைத் தயாரிக்க மூணு நொடி எடுத்தா, சிடிஎன் அந்த மூணு நொடியும் உங்களோட சேர்ந்து காத்துக்கொண்டுதான் இருக்கும்.

"ஆனா யூடியூப் மட்டும் எப்படி உடனே ஓடுது?" என்று கேட்கலாம். கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் பெட்டிகளை உலகம் முழுக்க இணைய நிறுவனங்களின் வலையமைப்புக்குள்ளேயே கொண்டுபோய் வைச்சிருக்காங்க. கூட்டம் உள்ளவனுக்குக் கிட்டத்தில் இடம் கிடைக்கும், சின்னவனுக்குக் கிடைக்காது. பொது சிடிஎன்னில் இருக்கிற நிரல் கோப்பை வாசகர் வேறொரு தளத்தில் ஏற்கனவே இறக்கியிருப்பார், நமக்கு மிச்சம் என்ற பழைய வாதமும் செத்துப்போச்சு. 2020 கடைசியிலிருந்து குரோமே ஒவ்வொரு தளத்தின் சேமிப்பையும் தனித்தனியாகப் பிரித்து வைக்குது.

நம்ம ஊருக்கு இது புதுக் கதையும் இல்ல. 1919 இல் களனிவெளி ரயில் ஓப்பநாயக்க வரைக்கும் வந்தது. 2 அடி 6 அங்குலக் குறுகிய பாதை. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் இருந்த பாதையை மூடிட்டாங்க. அதுக்குப் பிறகு கொழும்பில் எத்தனை பிளாட்பாரம் கட்டினாலும் பெல்மதுளைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு என்ன வந்தது? கடலடிக் கேபிள்கள் கல்கிசையிலும் மாத்தறையிலும் கரை ஏறுது, சிடிஎன் மையம் கொழும்பில் நிக்குது. அங்கிருந்து மலைக்குப் பின்னால் இருக்கிற லயம் வரைக்குமான தூரத்துக்கு சிடிஎன் எதுவும் செய்யாது. 2021 இல் பதுளைப் பக்கம் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்காக சிக்னல் தேடி மலை ஏறியது உலகச் செய்தியாச்சு. அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாமப் போனது டவர்.

சிடிஎன் ஆதரவாளர்களின் நல்ல வாதங்களையும் சொல்லணும். கனடாவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் வாசகர் சிதறிக் கிடக்கிற, ஸ்கேன் செய்த புத்தகங்களை வழங்குகிற நூலகத் தளம் என்றால் சிடிஎன் உண்மையாவே உதவும். ஒரு கட்டுரை திடீரென்று பரவி ஆயிரக்கணக்கானோர் வந்தா சேர்வர் விழாமல் காக்கும். தாக்குதலையும் தாங்கும். சரி. ஆனா அது பாதுகாப்பு, அதை வேகம் என்று விற்காதீங்க. "இலவசம்தானே, போட்டு வைப்போம்" என்பதுக்கும் பதில் இருக்கு. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி என்ற ஒரே சிடிஎன் விழுந்தப்ப கார்டியன், நியூயோர்க் டைம்ஸ், பிரித்தானிய அரசின் தளம் எல்லாம் சேர்ந்து விழுந்தது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேர் தடுமாறினப்ப எக்ஸும் சாட்ஜிபிடியும் தடுமாறின. நடுவில் ஒருத்தரை வைக்கிறோம் என்றால் அவர் விழுந்தா நாமும் விழுவோம்.

அப்ப செய்ய வேண்டியது என்ன? வரிசை முக்கியம். முதலில் படங்களைச் சுருக்குங்க. ரெண்டாவது, பிளகின்களில் பாதியைக் கழட்டுங்க. மூணாவது, தயாரான பக்கத்தை சேர்வரிலேயே சேமித்து வைங்க. நாலாவது, ஹோஸ்டிங்கை அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு மாத்துங்க. அது சுமார் 2,700 கிலோமீட்டர்தான், மேலே போட்ட அதே கணக்கில் 420 மில்லி நொடி 81 ஆகக் குறையும். இதெல்லாம் முடிஞ்ச பிறகு சிடிஎன் போடுறீங்களா, தாராளமாப் போடுங்க. வரிசையைத் தலைகீழாக்கி அதை முதலில் போடுகிறவர், பொதி சுமக்கிற கழுதைக்குச் சலங்கை கட்டுகிறவர்.

இதில் நேரத்தைவிடப் பெரிய விஷயம் காசு. சிடிஎன் பொதுவாகப் படத்தின் பைட்டுகளைத் தானாகக் குறைக்காது, அது வருகிற இடத்தைத்தான் மாற்றும். வாசகர் காசு கட்டுவதோ பைட்டுக்கு. நாள் சம்பளத்தில் பார்சல் டேட்டா போட்டு வாசிக்கிற ஒரு தங்கச்சி, நம்ம பக்கத்தைத் திறக்க 6 மெகாபைட் செலவழிச்சா, அந்தக் காசை அவகிட்ட இருந்து எடுத்தது நம்ம பேனர் படம்.

தமிழில் தளம் நடத்துகிற எல்லாக் குழுவும் ஒரு விதியை ஏற்கணும் என்று கேட்கிறேன்: எந்தப் பக்கமும் 500 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. உங்க குழுவில் இருக்கிற ஆகப் பழைய போனை எடுத்து, சிக்னல் ஆகக் குறைவான இடத்தில் நின்று, உங்க தளத்தைத் திறந்து பாருங்க. அது திறந்தா எல்லா இடத்திலும் திறக்கும்.