மூடிக்குக் கீழே போவது என்ன?

1992 ஏப்ரல் 22. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் அனால்கோ வட்டாரத்துத் தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துப் பிளந்தன. இருநூறு பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸின் குழாய் அரித்துக் கசிந்த பெட்ரோல், பாதாளச் சாக்கடைக்குள் ஆவியாகத் தேங்கியிருந்தது. நெடி அடிக்கிறதென்று மக்கள் முன்கூட்டியே முறையிட்டும், அவர்களை யாரும் வெளியேற்றவில்லை.

அங்கே நடந்தது கசிவு. நம் நகரங்களில் தெரிந்தே ஊற்றுகிறோம்.

எதை ஊற்றக் கூடாது என்பதற்கு இந்தியாவில் விதி இல்லாமல் இல்லை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் அளவுகளையே வகுத்திருக்கின்றன. பொதுச் சாக்கடைக்கு வரும் ஒரு லிட்டர் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈயம் 1 மில்லிகிராம். பிஎச் அளவு 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆற்றில் விடுவதென்றால் எண்ணெய்க்கு வரம்பு 10 மில்லிகிராம்தான். சாக்கடைக்கு இந்தச் சலுகை ஏன்? கடைசியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்ற நம்பிக்கைதான். அங்கே வேலை செய்வதோ நுண்ணுயிர்கள். முலாம் பூசும் பட்டறையின் குரோமியமும் அமிலமும் மொத்தமாக வந்து இறங்கினால் அவையும் செத்துப்போகும்.

உணவகங்களின் பின்கட்டில் நடப்பது இன்னும் சாதாரணமானது. பொரித்த எண்ணெய் ஒட்டிய வாணலியைச் சுடுநீர் விட்டுக் கழுவுகிறார்கள். சூட்டில் இளகி ஓடும் கொழுப்பு, குழாயில் ஆறியதும் வெள்ளையாக உறைந்து சுவரில் அப்பிக்கொள்கிறது. அதில் நாப்கினும் டயப்பரும் துணியும் வந்து சிக்குகின்றன. லண்டன் வைட்சேப்பலில் 2017இல் இப்படித் திரண்ட கட்டியின் நீளம் 250 மீட்டர், எடை 130 டன். அதை அகற்ற வாரக்கணக்கில் ஆயிற்று.

நம் ஊரில் அடைப்பு விழுந்தால் முதலில், நீரை அழுத்தத்தோடு பாய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட் ராடிங் வண்டி வரும். அது எடுபடாத இடத்தில், அல்லது வண்டியே நுழைய முடியாத சந்தில், இன்னமும் ஒரு மனிதரை இறக்குகிறார்கள். தேங்கிய கசடில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகியிருக்கும். அமிலம் கலந்தால் அது இன்னும் வேகமாக வெளிவரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். செறிவு 100 பிபிஎம்மைத் தொடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு விலகிவிட்டது என்று உள்ளே இருப்பவர் நம்பும் நேரம் அதுதான்.

உரிய பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சாக்கடையில் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் வழங்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டும் தேவையானவை. ஆனால் இரண்டுமே அடைப்பு விழுந்த பிறகு பேசுபவை. அடைப்பை உண்டாக்கியவரைத் தேடி யாரும் போவதில்லை; பூமிக்கடியில் கலந்துவிட்ட எண்ணெய் எந்தக் கடையுடையது என்று பிறகு கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆகவே கழிவுநீர் பொதுச் சாக்கடையில் சேரும் முன்பே கண்காணிப்பு தொடங்க வேண்டும். உணவகம், திருமண மண்டபம், விடுதி ஆகியவற்றின் சமையலறைக் குழாயில் கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் தொட்டி கட்டாயமாக வேண்டும். தொட்டியைக் கட்டிவிட்டு வழிய விட்டால் பயனில்லை. எந்தத் தேதியில் அள்ளினார்கள், அள்ளிய கொழுப்பை யாரிடம் கொடுத்தார்கள் என்ற பதிவேட்டை உரிமம் புதுப்பிக்கும்போது அதிகாரிகள் கேட்டு வாங்க வேண்டும். பட்டறைகளின் கழிவுநீரைத் தெருச் சாக்கடையில் கலப்பதற்கு முன்னாலேயே, சொல்லாமல் கொள்ளாமல் போய் மாதிரி எடுக்க வேண்டும். வரம்பு மீறியவர்களின் பெயரை வார்டு வாரியாக வெளியிடவும் வேண்டும்.