தண்ணீர் எங்கே போகிறது?

உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? மாமனார் காலத்து அம்பாஸடராக இருக்கலாம். அதன் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் விற்க மனம் வராத குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அநேகமாக உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். போன மாதம் அரைச் செம்பு கேட்டது, இந்த மாதம் ஒரு செம்பு கேட்கிறது. "வயசாகிவிட்டது, தண்ணீர் குடிக்கிறது" என்பார் வீட்டுக்காரர். காருக்கு ஏதம்மா தாகம்? உள்ளே போன தண்ணீர் எங்கேயோ ஒழுகித்தானே ஆக வேண்டும்?

ரப்பர் குழாய், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் இவற்றைத்தான் எல்லோரும் முதலில் சோதிப்பார்கள். அங்கெல்லாம் ஈரம் இல்லையென்றால், என்ஜின் நன்றாக ஆறிய பிறகு டார்ச் விளக்கை அடித்து அதன் பக்கவாட்டில் பாருங்கள். வெள்ளி ரூபாயைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகடுகள் இரும்பில் பதிந்திருக்கும். அவற்றில் ஒன்றின் கீழே கண்ணீர் வழிந்தாற்போல் துருக்கோடு தெரிந்தால், திருடன் அகப்பட்டான்!

அமெரிக்கர்கள் இதற்கு 'ஃப்ரீஸ் பிளக்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் உறைந்து பெருத்தால் இந்த மூடி தெறித்து என்ஜினைக் காப்பாற்றும் என்பது நம்பிக்கை. சில சமயம் காப்பாற்றும். பல சமயம் மூடி அப்படியே இருக்க, என்ஜின் விரிசல் கண்டுவிடும். சென்னை வெயிலில் நமக்கு அந்தக் கவலையே இல்லை. 'கோர் பிளக்' என்பதுதான் பொருத்தமான பெயர். என்ஜினை வார்க்கும்போது, உள்ளே தண்ணீர் ஓட வழி விடுவதற்காக மணலால் கரு செய்து அச்சுக்குள் வைக்கிறார்கள். கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பது போலத்தான். ஆனால் இங்கே வெந்த பிறகு பூரணம் முழுவதையும் உதிர்த்து வெளியே எடுத்துவிட வேண்டும்! அதற்கு விட்ட ஓட்டைகளைத்தான் மெல்லிய தகட்டால் அடைக்கிறார்கள்.

என்ஜின் சுவரோ கனத்த வார்ப்பிரும்பு. மூடி வெறும் எஃகுத் தகடு. வருஷக்கணக்காகப் போர் தண்ணீரை ஊற்றினால் எது முதலில் அரிக்கும்? அதுவும் உள்பக்கத்திலிருந்து அரிக்கிறபடியால், ஒழுகத் தொடங்கும் வரை வெளியே தெரியாது. "ஒரு செம்புத் தண்ணீர்தானே" என்று விட்டுவிடாதீர்கள். என்றைக்காவது நடுவழியில் தகடு பொத்துக்கொண்டால் தண்ணீர் முழுவதும் கொட்டிவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, பெரிய செலவில் கொண்டு விடும். மூடியின் விலையோ சொற்பம், கூலிதான் செலவு.

வெளியே பசை அப்பித் தருகிறேன் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். துருவின் மேல் பசை எத்தனை நாள் நிற்கும்? நல்ல மெக்கானிக் தண்ணீரை வடித்துவிட்டு, மூடியின் ஓரத்தில் தட்டுவார். அது கதவு போல் ஒருக்களித்ததும் குறட்டால் இழுத்துவிடுவார். ஓட்டையின் விளிம்பைத் தேய்த்துத் துடைத்து, சீலர் தடவி, புதியதை நேராக இறக்குவார். கிண்ணம் போன்ற மூடியை விளிம்பருகே பொருந்தும் சாக்கெட்டை வைத்துத் தட்ட வேண்டும். குவிந்த வில்லை போன்றதற்கு நடுவில் அளவான ஒரு தட்டு. குவிவு படிந்து ஓரம் கவ்விக்கொள்ளும்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, எல்லா மூடிகளையும் சேர்த்து மாற்றச் சொல்வதுதான். ஒரே வயதுக்காரர்கள் அல்லவா! கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று ஒளிந்திருந்தால் மட்டும் வேலை பெரிது. அது ஒழுகாதவரை, வேறு காரியத்துக்கு கியர்பாக்ஸைக் கழற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். பித்தளை மூடி கிடைத்தால் வாங்குங்கள், துருப்பிடிக்காது. பழைய மூடியைக் கழற்றியதும் அந்த ஓட்டை வழியாகவே உள்ளேயுள்ள துருச் சேற்றைக் கழுவிவிடச் சொல்லுங்கள். அப்புறம் குழாய்த் தண்ணீர் கூடாது. டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் டின்னில் சொன்ன அளவில் கலந்து ஊற்றவேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் சீறும்.

குழந்தைகளுள்ள வீட்டில் இன்னொரு ஜாக்கிரதை. சாதாரணமாகக் கிடைக்கும் கூலன்டில் எதிலீன் கிளைகால் என்ற விஷம் உண்டு; ருசியோ இனிப்பு. பச்சையும் சிவப்பும் பார்க்க ஷர்பத் போலவே இருக்கும். நாய் நக்கினாலும் ஆபத்துதான். தரையில் சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். மிச்சத்தைப் பழைய ஷர்பத் பாட்டிலில் ஊற்றி வைக்காமல், அதன் டின்னிலேயே மூடி, எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.