ஒரு சொல்லை மாற்றுவது சின்ன வேலையா?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது லினக்ஸ் கெர்னலில் வேலை செய்கிறாள். என்ன வேலை என்று என் தங்கை மகன் கேட்டான். "பழைய ஃபங்ஷனை எடுத்துட்டுப் புதுசு போடறேன்" என்றாள். "அவ்வளவுதானா? ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கொடுத்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுமே!" என்று சிரித்துவிட்டான். அவள் முகம் வாடிப்போனது. அவளிடம் இரண்டு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு இதை எழுதுகிறேன். தம்பி, நீ சொன்னது தப்பு.

கெர்னல் என்பது கணினி இயங்குதளத்தின் உள்மையம். நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. பழைய 32 பிட் கணினிகளில் ஒரு சிக்கல் உண்டு. இன்டெல் வகைக் கணினியில் வழக்கமான அமைப்பில் சுமார் 896 எம்பி நினைவகத்தைத்தான் கெர்னல் நேரடியாகப் பார்க்க முடியும். அதற்கு மேல் இருப்பதைத் தொட வேண்டுமென்றால், அந்தப் பக்கத்துக்குத் தற்காலிகமாக ஒரு முகவரி கொடுக்க வேண்டும். பக்கம் என்றால் 4096 பைட். முகவரி கொடுக்கும் அந்த ஃபங்ஷனின் பெயர் கேமேப். 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 பதிப்பிலேயே அது இருந்தது.

என்னிடம் படித்தவர்களுக்கு நிலப்படம் மாட்டும் ஆணி நினைவிருக்கும். பீரோவில் படங்கள் நிறைய. வராந்தாவில் ஆணிகள் கொஞ்சம். எல்லா வகுப்புக்கும் அதே ஆணிகள்தான். கேமேப்பும் அப்படித்தான். ஆணிகள் 1024. 4 ஜிபிக்கு மேல் நினைவகம் வைக்க உதவிய அமைப்பில் 512 மட்டுமே இருந்தன. மாட்டியவர் கழற்ற மறந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். ஆணிகள் ஒரு சுற்று வந்ததும், எல்லாப் பிராசசர்களிடமும் "பழைய குறிப்பை அழியுங்கள்" என்று சொல்ல வேண்டும். பிராசசர்கள் கூடக்கூட இந்தச் செலவும் கூடும்.

2021 பிப்ரவரியில் வந்த 5.11 பதிப்பில் இதற்கு மாற்று வந்தது. பெயர் கேமேப் லோக்கல் பேஜ். வராந்தா ஆணிக்குப் பதில் ஒவ்வொரு வகுப்புக்கும் சொந்தமாகச் சில ஆணிகள். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. மாட்டிய படத்தை அந்த வகுப்புதான் பார்க்கலாம். பக்கத்து வகுப்புக்குக் கைகாட்ட முடியாது. கடைசியாக மாட்டியதை முதலில் கழற்ற வேண்டும்.

இங்கேதான் 'ஒரு நிமிஷ வேலை' என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. ஓரிடத்தில் வாங்கிய முகவரியை வேறொரு பணியிடம் கொடுக்கும் நிரல் பழைய முறையில் ஓடியிருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் அந்த இன்னொரு பணி தவறான இடத்தைப் படிக்கும், அல்லது தவறான இடத்தில் எழுதும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் முகவரி எங்கே போகிறது என்று கடைசி வரை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

கேமேப் அட்டாமிக் என்ற இன்னொரு பழைய ஃபங்ஷனும் இருக்கிறது. அதன் கதைதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அது படத்தை மாட்டுவதோடு கதவையும் தாழ்ப்பாள் போட்டுவிடும். அதாவது, வேலை நடுவே இடையூறு வராமலும், பக்கப் பிழையைக் கவனிக்கப் போகாமலும் தடுத்துவிடும். புதியது தாழ்ப்பாள் போடுவதில்லை. பழைய நிரலில் எங்காவது அந்தத் தாழ்ப்பாளை நம்பி வேலை நடந்திருந்தால், மாற்றுகிறவர் அதைக் கண்டுபிடித்துத் தனியே போட வேண்டும். எழுதியவர் குறிப்பு வைத்திருக்க மாட்டார். படித்துத்தான் உணர வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்றைய 64 பிட் கணினியில் எல்லா நினைவகமும் நேரடியாகத் தெரிவதால், தவறாக மாற்றினாலும் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். எங்கோ ஒருவரின் பழைய கணினியில்தான் கெடும். "என் மெஷினில் ஓடுகிறது" என்பது இங்கே சான்றாகாது. அதனால்தான் 6 ஜிபி நினைவகம் கொடுத்த 32 பிட் மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்த்தோம் என்று பலர் தங்கள் திருத்தத்தோடு எழுதிவைத்தார்கள்.

"32 பிட் கணினிகளே மறைந்துவருகின்றன, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த உயர் நினைவக ஆதரவையே எடுத்துவிடலாம் என்ற பேச்சு லினக்ஸ்காரர்களிடையேயும் உண்டு. ஆனால் எடுக்கும் நாள் வரை அதை நம்பி இருப்பவருக்கு அது சரியாக ஓட வேண்டும் அல்லவா? தவிர, பழையதை அப்படியே விட்டுவைத்தால் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். கரும்பலகையில் அழிக்காமல் விட்ட பிழை, நாற்பது நோட்டில் ஏறும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

நம் வீடுகளில் புதிதாக ஒன்றைச் செய்தவனுக்குத்தான் மாலை. இருப்பது கெடாமல் பார்த்துக்கொள்பவளை "சும்மா மாத்தறா" என்கிறோம். பழையதை எடுக்கும் முன், அது இத்தனை நாள் சத்தமில்லாமல் என்னென்ன செய்து வந்தது என்று பார்ப்பவர்தான் நல்ல வேலைக்காரர். அந்தக் கவனத்தைப் படிப்பின் பெரிய பலன் என்றே நான் நினைக்கிறேன்.

அவள் கிளம்பும்போது என் தங்கை மகன் வாசல் வரை போய், "அக்கா, அந்தத் தாழ்ப்பாள் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டான். எனக்கு அது போதும்.

இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்