இகுவானாவும் உடும்பும்

ஓருயிரைப் பேணப் புகுவார் முதற்கண் அறிய வேண்டுவது அதன் உணவு யாது என்பதே. இஃது யாவரும் அறிந்ததன்றோ எனின், அன்று என்பதே எம் கருத்து.

எம் உறவினர் இல்லமொன்றில் இகுவானா ஒன்று கண்ணாடிப் பேழையுள் வளர்க்கப்பட்டு வந்தது. பசிய மேனியும், கழுத்தின்கீழ்த் தொங்கும் தோல்மடிப்பும், முதுகின்மேல் முள்வரிசையும் உடைய அதனை அவ்வில்லத்தார் 'பச்சை உடும்பு' என்றே வழங்கினர். உடும்பெனக் கொண்டமையால் அவித்த முட்டையும் இறைச்சித் துண்டும் நாடோறும் இட்டனர். ஈராண்டு சென்றபின் அதன் கீழ்த்தாடை வளைந்தது, பின்கால்கள் வீங்கின, கிளையேறும் பிராணி தரையில் வயிறு தேய நகர்ந்தது. இக்கொடுமைக்கு அன்பின்மை காரணமன்று; பெயர் மயக்கமே முதற்காரணம்.

நம் நாட்டு உடும்பு ஊனுண்ணும். இகுவானாவோ மெக்சிக்கோ முதல் தென் அமெரிக்கா வரையுள்ள காடுகளில் மரக்கிளைகளில் வாழ்ந்து இலை தின்பது. அதன் பெருங்குடலில் உறையும் நுண்ணுயிர்கள் இலையின் நாரைப் புளிக்கச் செய்து செரிப்பிக்கின்றன. அந்நுண்ணுயிர்களைக் குஞ்சுகள் முதிர்ந்தவற்றின் எச்சத்தை உண்டு பெறுகின்றன என்று கேட்டு முகஞ்சுளிப்பாரும் உளர், யாமும் சுளித்தோம். அத்தகைய உடலுக்கு ஊனுணவு இடின் நாளடைவில் சிறுநீரகம் கெடும். எலும்புக்கு வேண்டும் சுண்ணச்சத்தும் இறைச்சியிற் போதாது.

லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் உடும்பும் ஓணானும் பல்லியும் பச்சோந்தியும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. ஆதலின் வேற்றுமை கண்டு பெயரிடுதல் தமிழுக்குப் புதிதன்று. புதிதாய் வந்ததற்குப் பழம்பெயரைச் சூட்டி அமையும் சோம்பலையே யாம் கடிகின்றோம். அயற்சொல் கலத்தல் இழுக்கென எம் வகுப்பிலேயே வாதிடுவார் உளர். 'இகுவானா' என்றே வழங்கின் தமிழ் குன்றிவிடாது, பிராணியோ பிழைக்கும்.

அதற்கு ஏற்ற உணவு நம் கொல்லையிலேயே உண்டு: முருங்கையிலை, செம்பருத்தியின் இலையும் பூவும், முசுக்கொட்டையிலை, சிறிது துருவிய பூசணி. பசலைக்கீரையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணச்சத்தைப் பிணித்துக்கொள்ளுமாதலின் அதனை அரிதாகவே இடல் வேண்டும். சுண்ணச்சத்து உடலிற் சேர்தற்கு வைட்டமின் டி வேண்டும். அதனைத் தோலில் விளைவிப்பது ஞாயிற்றின் புறஊதாக் கதிர். கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். குளிர்நாட்டார் பொருள் செலவிட்டுத் தனிவிளக்கு அமைத்து இக்கதிரைப் பெறுகின்றனர். வெயிலுக்குக் குறைவற்ற நம் ஊரிலோ ஓருயிர் வெயிற்பஞ்சத்தால் நலிந்தது! முற்றத்தில் கம்பிவலைக் கூண்டொன்றைப் பாதி வெயிலும் பாதி நிழலுமாக வைத்தல் சாலும்.

கடையில் ஒரு சாண் நீளமே காணப்படும் குஞ்சு வளர்ந்து 5 அடியையும் கடக்கும். நன்கு பேணின் 15 ஆண்டுக்கு மேலும் வாழும். 2022இல் திருத்தப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதனைப் பதிவு செய்தலும் வேண்டும். மூவாண்டுப் படிப்புக்கு வந்த விடுதி மாணவர் இதனை விரும்புதல் தகாது என்பதனை எம் தோழர் சிலர்க்கு ஈண்டே கூறிவைக்கின்றோம்.

கால்நடை மருத்துவர் சொற்படி எம் உறவினர் இப்போது செம்பருத்தியிலை இடுகின்றனர். கூண்டும் முற்றத்துக்கு வந்துவிட்டது. கால்கள் ஒருவாறு வலுப்பெற்றன. தாடை வளைந்தபடியே உள்ளது. அவ்வில்லத்துப் பாட்டியார் மட்டும் இன்னும் அதனை உடும்பென்றே அழைக்கின்றார்.