நவம்பர் 9: ஜெர்மனியில் ஒரே தேதியில் நான்கு திருப்பங்கள்... எல்லாமே தற்செயலா?

காலையில் போனைத் திறந்தால் 'வரலாற்றில் இன்று' கார்டு ஒன்று கண்ணில் படும். நாலு வருடம், நாலு வரி, ஒரு ஷேர்... அவ்வளவுதான். ஜெர்மனியை வைத்து நவம்பர் 9-க்கு கார்டு போட்டால் 1918, 1923, 1938, 1989 என்று பட்டியல் பக்காவாக அமையும். அந்த நாட்டிலேயே இதை 'விதியின் நாள்' என்று சொல்வதுண்டு. ஆனால், இதில் விதியின் பங்கு ரொம்பவே குறைவு.

முதலில் 1918

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்கும் நிலை. நவம்பர் 9 அன்று மன்னர் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் பதவி விலகியதாக அறிவிப்பு வந்தது. அன்றே பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து பிலிப் ஷைடமன் குடியரசை அறிவித்தார். இரண்டே நாளில் போர் நிறுத்தம். 'ராணுவம் தோற்கவில்லை, உள்ளூர் அரசியல்வாதிகளும் யூதர்களும் முதுகில் குத்திவிட்டார்கள்' என்ற பொய்யை வலதுசாரிகள் பரப்பினார்கள்.

அந்தப் பொய்யில் வளர்ந்தவர்

இதை வைத்து அரசியல் செய்தவர்களில் ஒருவர் ஹிட்லர். 1923 நவம்பர் 8 இரவு, மியூனிக் நகர பீர் ஹால் ஒன்றில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியைத் தொடங்கினார். மறுநாள் ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு. அவர் தரப்பில் 16 பேரும், போலீஸார் 4 பேரும் இறந்தனர். ஹிட்லருக்குக் கிடைத்த தண்டனை 5 ஆண்டு. உள்ளே இருந்தது சுமார் 9 மாதம்தான். 1933-ல் ஆட்சியைப் பிடித்ததும், அந்த 16 பேரையும் 'தியாகிகள்' ஆக்கி, ஆண்டுதோறும் மியூனிக்கில் விழா எடுத்தார்.

1938: விழாவில் பற்றிய தீ

அந்த நினைவு நாளுக்காகத்தான் 1938 நவம்பர் 9 இரவு நாஜித் தலைவர்கள் மியூனிக்கில் கூடியிருந்தனர். பாரிஸில் 17 வயது யூத இளைஞர் ஒருவரால் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துவிட்டார் என்ற செய்தி அங்கே வந்தது. கோயபல்ஸ் ஆவேசமாகப் பேசினார். கட்சிக்காரர்களுக்கு போன் பறந்தது. நாடு முழுக்க யூத வழிபாட்டுத் தலங்கள் எரிந்தன, ஆயிரக்கணக்கான கடைகள் நொறுக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்கள் வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். கொடுமை என்னவென்றால், யூதர்கள் மீதே 100 கோடி மார்க் அபராதமும் விதிக்கப்பட்டது.

தேதி தானாக ஒத்துப்போகவில்லை. ஒரு வெறுப்பு, தன் பிறந்தநாளைக் கொண்டாடிய இடத்திலேயே அடுத்த வன்முறையைத் தொடங்கியது.

1989 மட்டும் வேறு

நிஜமான தற்செயல் இதுதான். கிழக்கு ஜெர்மனியில் புதிய பயண விதி மறுநாள்தான் அமலுக்கு வரவேண்டும். பிரஸ் மீட்டில் 'எப்போதிலிருந்து?' என்று நிருபர்கள் கேட்க, கட்சித் தலைவர்களில் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கி பேப்பரைப் புரட்டிவிட்டு, 'உடனடியாக' என்று சொல்லிவிட்டார். மக்கள் எல்லையில் குவிந்தார்கள். நள்ளிரவுக்கு முன்பே பெர்லின் சுவரின் கதவு திறந்தது.

ஏன் விடுமுறை இல்லை?

சுவர் விழுந்த நாளையே தேசிய தினமாக்கலாம் என்ற யோசனை எழுந்தது. ஆனால், 1938-ல் வழிபாட்டுத் தலங்கள் எரிந்த அதே தேதியில் பட்டாசு வெடிப்பதா என்ற கேள்வி குறுக்கே நின்றது. கடைசியில், இரு ஜெர்மனிகளும் சட்டப்படி இணைந்த அக்டோபர் 3 (1990) தேசிய தினமானது.

அந்தத் தேதியில் நவம்பர் 9-ன் பரவசம் இல்லைதான். ஆனாலும் அது சரியான முடிவு. கொண்டாட்டம் பெரிதாகப் பெரிதாக, பழைய குற்றம் அதன் நிழலில் மறைந்துபோகும். நவம்பர் 9-ஐக் கொண்டாட்டத்துக்குக் கொடுக்காமல் விட்டதால்தான், 1938-க்கும் அங்கே இடம் இருக்கிறது.

'வரலாற்றில் இன்று' கார்டு நான்கு சம்பவங்களுக்கும் ஒரே அளவு கட்டம் தரும். அவற்றுக்கு நடுவே ஓடும் கோட்டை மட்டும் காட்டாது. அடுத்த முறை அப்படி ஒரு கார்டு வந்தால், ஷேர் செய்யும் முன் ஒரு கேள்வி போதும்: இரண்டாவது சம்பவம், முதலாவதால் நடந்ததா?